மந்திரமே தெரியாதவருக்கு ஆர்ச்மேஜ் பட்டமா?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையை உருவாக்கும் மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

2018 ஜூனில், ஆறாவது பாகம் வரும் என்று மலைத்தொடர் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து காத்திருக்கிறோம். இடையில் 2025 ஏப்ரல் 22 அன்று நான்காவது பாகமான ஒப்லிவியன் புதுப்பொலிவோடு வந்தது. வெளிச்சமும் முகங்களும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. மந்திரவாதிகளின் சங்கமான மேஜஸ் கில்டின் குவெஸ்டுகள் (கதைப் பணிகள்) மட்டும், அந்தக் கேம் முதலில் வந்த 2006இல் இருந்தபடியே இருக்கின்றன. பழைய கேமைப் பழைய கேமாகவே தருவது முறைதான், அதில் சண்டையில்லை. ஆனால் அதை ஆடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் வருகிறது: அடுத்ததும் இப்படியே வந்துவிடுமோ?

அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். ஆறாவது பாகத்தில் மந்திரவாதி அணிகளின் பகை, அலமாரியில் கிடக்கும் புத்தகங்களுக்குள் மட்டும் இருக்கக் கூடாது. அது ஆட்டத்தின் விதியாக வேண்டும். ஓர் அணியில் சேர்ந்தால் எதிரணியின் கதவு சாத்தப்பட வேண்டும். தலைமைப் பதவி வித்தை தெரிந்தவருக்கே போக வேண்டும்.

ஐந்தாவது பாகமான ஸ்கைரிமில் மந்திரவாதிகள் பயிலும் வின்டர்ஹோல்ட் கல்லூரியைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பாலத்தின் முனையில் ஆசிரியர் ஃபரால்டா நிற்கிறார். ஒரு ஸ்பெல் (மந்திரம்) போட்டுக் காட்டச் சொல்கிறார். தெரியாது என்றால் 30 பொற்காசுக்கு அவரே விற்கிறார். உள்ளே ஆசிரியர் டோல்ஃப்டிரின் முதல் வகுப்பில் வார்டு என்ற காப்பு மந்திரம் ஒன்றைப் பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். சார்த்தால் இடிபாட்டில் சுவரிலிருந்து தாயத்தை எடுத்ததும் வழி அடைபடும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரின் மேல் ஒரு ஸ்பெல் விட்டால் திறந்துவிடும். எல்லாருக்கும் ஆட்டத் தொடக்கத்திலேயே கையில் இருக்கும் ஃப்ளேம்ஸ் என்ற தீ மந்திரம் அதற்குப் போதும். ம்சுல்ஃப்ட் என்ற இடிபாட்டில் ஒளியைக் குவிக்க ஸ்படிகத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வேண்டும். அதற்கான ஃப்ளேம்ஸ், ஃப்ராஸ்ட்பைட் புத்தகங்களை அங்கேயே வைத்துவிட்டீர்கள். கடைசியில் மேக்னஸின் கோலை, சார்த்தாலில் கிடைத்த மேக்னஸின் கண் என்ற மந்திரக் கோளத்தை நோக்கிப் பிடித்து அதை மூடினால், அதைக் கைப்பற்றிய எதிரி அன்கானோவைக் கோடரியாலேயே வெட்டிச் சாய்க்கலாம்.

மொத்தம் எட்டு குவெஸ்ட். இரும்புக் கவசமும் இரண்டு கைக் கோடரியுமாக வந்த ஒரு நார்டு இன வீரர், டிஸ்ட்ரக்ஷன் (தாக்கும் மந்திரம்) திறன் 15இல் தொடங்கி அதற்கு மேல் அதிகம் ஏறாமலேயே கல்லூரித் தலைவரான ஆர்ச்மேஜ் ஆகிவிடுகிறார். டோல்ஃப்டிர், ஃபரால்டா, ட்ரெவிஸ் நெலோரென், ஃபினிஸ் ஜெஸ்டார், கோலெட் மரென்ஸ் என்று ஐந்து ஆசிரியர்கள் சுற்றி நிற்கிறார்கள். வாழ்நாளையே அந்த வித்தைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆர்ச்மேஜாக இருந்த சாவோஸ் ஆரெனும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த மிரபெல் எர்வினும் இறந்து, நாற்காலி காலியாகக் கிடக்கிறது. "நீ யார்?" என்று ஒருவர் கூடக் கேட்பதில்லை. குணப்படுத்தும் வித்தையான ரெஸ்டோரேஷனை யாரும் மதிப்பதில்லை என்று குமுறும் கோலெட் கூட வாய் திறப்பதில்லை. அதிகாரத்துக்காக மந்திரவாதிகள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் உலகம் என்று நீங்களே எழுதி வைத்த உலகம்தானே இது?

இதில் ம்சுல்ஃப்ட் தரும் வலி தனி. மேஜஸ் கில்ட் கலைந்த பிறகு சினாடு, விஸ்பர்ஸ் கல்லூரி என்ற இரு மந்திரவாதி அணிகள் அதன் இடத்துக்கு மோதுகின்றன என்று சொன்னீர்கள். கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் ஸ்கைரிமில் சினாடு என்று நாம் பார்ப்பது யாரை? ம்சுல்ஃப்ட் இடிபாட்டின் வாசலில் உயிர் விடும் காவ்ரோஸையும், உள்ளே தப்பிப் பிழைத்துக் கதவைத் திறக்கும் பராட்டஸையும். ஒளி வரைபடத்தைப் பார்த்ததும், வின்டர்ஹோல்ட்காரர்கள் சதி செய்துவிட்டார்கள் என்று பராட்டஸ் கத்துகிறார். பகை அங்கேதான் முதன்முதலாக உயிரோடு நம் எதிரே வந்து நிற்கிறது. அடுத்த நிமிடம் நாம் வெளியே வந்துவிடுகிறோம், கதை வேறு பக்கம் போய்விடுகிறது. சினாடு பழிவாங்க வருவதில்லை. விஸ்பர்ஸ் கல்லூரியோ பேச்சளவில் மட்டுமே இருக்கிறது.

ஒப்லிவியனிலும் இதே கதைதான். பிணங்களையும் ஆவிகளையும் ஆளும் நெக்ரோமன்சியை, கில்டின் தலைவர் ஹானிபல் ட்ராவன் தடை செய்கிறார். அதற்காகக் கில்ட் பிளக்கிறது, நெக்ரோமன்சர்களின் பிளாக் வோர்ம் அணி ஆள் சேர்க்கிறது, அதன் தலைவர் மனிமார்கோவே வருகிறார். அவ்வளவு பெரிய தடை! ஆனால் கில்ட் உறுப்பினராக இருந்துகொண்டே நெக்ரோமன்சர்களின் பலிபீடத்துக்குப் போகலாம். ஊதா ஒளி இறங்கும் இரவில் உயிரை அடைக்கும் கிராண்ட் சோல் ஜெம் கல்லைக் காலியாக உள்ளே வைத்து, பீடத்தின் மேல் சோல் ட்ராப் மந்திரம் போட்டு, மனித உயிரையும் அடைக்கும் கறுப்புக் கல்லாக மாற்றலாம். மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கில்டின் தலைமையிடமான ஆர்கேன் பல்கலைக்கழகத்துக்குள் நடந்து போனால், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனால் சக உறுப்பினரின் பொருளைத் திருடி மாட்டினால் நீக்கம் உண்டு. அப்போது 20 டிராகன்ஸ் டங்கும் 20 ரெட்வோர்ட் பூவும் பறித்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். திருட்டுக்கு இருக்கும் தண்டனை, அந்த அணியின் உயிர்நாடியான தடையை மீறினால் ஏன் இல்லை?

உங்களுக்குச் செய்யத் தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2002இல் மூன்றாவது பாகமான மோரோவிண்டில் செய்து காட்டியவர்கள் நீங்கள்தான். டெல்வானி என்ற மந்திரவாதி குலத்தின் கோபுரம் ஒன்றுக்குள் போனால் தெரியும். காளானை வளர்த்துக் கட்டிய கோபுரம், உள்ளே செங்குத்தான குழி, படிக்கட்டே கிடையாது. மேலே இருக்கும் மந்திரவாதியைப் பார்க்க வேண்டுமா, பறந்து வா. லெவிடேட் ஸ்பெல் தெரியாவிட்டால் ரேசர் ப்ளூம் என்ற இறகையும் ட்ரமா ரூட் என்ற வேரையும் உரலில் இட்டுக் குடிக்கும் மருந்தாவது செய்துகொண்டு வா. பாதி உயரத்தில் அதன் நேரம் முடிந்தால் கீழே விழுந்து அடிபட வேண்டியதுதான். அந்த அணி யாரை மதிக்கிறது, யாரை மதிக்காது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் குழி சொல்லிவிடுகிறது.

ஸ்பெல் பலிப்பதற்கே அங்கே ஒரு கணக்கு இருந்தது. திறனை இரட்டிப்பாக்கி, மனவுறுதியில் ஐந்தில் ஒரு பங்கையும் லக்கில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டி, அந்த ஸ்பெல்லின் செலவைக் கழிக்க வேண்டும். வருவதை உடல் தெம்பால் பெருக்க வேண்டும்: தெம்பு முழுதாக இருந்தால் 1.25, வற்றிப்போயிருந்தால் 0.75. திறன் 30, மனவுறுதி 50, லக் 40 உள்ளவர் 25 மேஜிக்கா (மந்திர ஆற்றல்) செலவாகும் ஸ்பெல் ஒன்றைப் போட்டால் 49 வரும். நிதானமாக நின்று போட்டால் நூற்றுக்கு 61 முறை பலிக்கும். ஓடிக் களைத்து நின்று போட்டால் 37தான். கஷ்டமான கணக்குதான், புதிதாக வருபவரை விரட்டும் கணக்கும்தான். ஆனால் வித்தை கற்றவருக்கும் கல்லாதவருக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. பதவி உயர்வுக்கும் திறனும் பண்பும் இந்த அளவு வேண்டும் என்ற வரம்பு இருந்தது. டெல்வானியின் தலைவரான ஆர்ச்மேஜிஸ்டர் ஆக வேண்டுமானால், அந்தப் பதவியில் இருக்கும் கோத்ரென் வழிவிட வேண்டும், அவரோ தானாக விடமாட்டார்.

மோரோவிண்டும் முழுதாகச் சரி என்று சொல்ல வரவில்லை. டெல்வானியில் சேர்ந்தால் ரெடோரன், ஹ்லாலு என்ற மற்ற இரு குலங்களும் கதவை மூடிக்கொண்டன. மேஜஸ் கில்ட் மட்டும் மூடவில்லை. டெல்வானி சபையினரைக் கொன்றுவிட்டு வா என்று மேஜஸ் கில்டின் தலைவர் ட்ரெபோனியஸ் ஏவும் அளவுக்குப் பகை, ஆனால் ஒரே ஆள் இரண்டு அணியிலும் இருக்கலாம். எதிரணிக்காரர் முகம் சுளிப்பார், விலை கொஞ்சம் ஏறும், அத்தோடு சரி.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். ஒப்லிவியனில் லெவிடேட் போனது, ஓரிடத்தைக் குறித்துவைத்து அங்கே திரும்ப உதவிய மார்க்கும் ரீகாலும் போயின. ஸ்கைரிமில் மிஸ்டிசிசம் என்ற ஒரு பிரிவே போனது. சொந்தமாக ஸ்பெல் செய்யும் வசதி போனது. முதல் பாகத்திலிருந்து 2006 வரை கூடவே வந்த வசதி அது. ஒப்லிவியனில் ஏழு ஊர்க் கிளைகளின் பரிந்துரை பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைபவருக்குக் கிடைத்த பரிசே ஸ்பெல் செய்யும் மேடைதான். அணியில் சேர ஒரு காரணம் இருந்தது, அதையும் எடுத்துவிட்டீர்கள். ஸ்கைரிமில் ஃபயர்போல்ட் என்ற தீ மந்திரத்தின் அடிப்படைத் தாக்கு திறன் 15இலும் 25, திறன் 100இலும் 25. பெர்க் என்ற கூடுதல் சலுகை வாங்கினால் கூடுகிறதே தவிர, திறன் ஏறுவதால் செலவு மட்டும்தான் குறைகிறது. அந்தச் செலவையும் பொருளில் மந்திரம் பதிக்கும் என்சான்டிங் திறனில் 100க்குப் போனவர் ஒழித்துவிடலாம். தொப்பி, உடை, மோதிரம், சங்கிலி நான்கிலும் 25 விழுக்காடு வீதம் பதித்தால் செலவே பூஜ்யம். மேஜிக்கா பட்டை திரையில் இருந்தும் பயனில்லை. ஒரு மந்திரவாதியிடமிருந்து இன்னும் எதைத்தான் எடுக்க முடியும்?

மன்னியுங்கள், கேட்க வந்தது அதுவல்ல. கேட்க வந்தது அணிகளைப் பற்றி.

ஸ்கைரிமிலேயே படைவீரர்களுக்குக் கதவை அடைத்தீர்கள். கலகக்காரர்களான ஸ்டார்ம்க்ளோக் பக்கமா பேரரசின் பக்கமா என்று கேட்டீர்கள், ஜாக்ட் கிரவுன் என்ற குவெஸ்ட் வரை மனம் மாற இடம் கொடுத்தீர்கள், அதற்குப் பிறகு பேச்சுக்கே இடமில்லை. 2012இல் டான்கார்ட் என்ற விரிவாக்கத்தில் ரத்தக்காட்டேரிகளுக்கும் அதையே செய்தீர்கள். வழியும் உங்களிடமே இருக்கிறது, அனுபவமும் உங்களிடமே இருக்கிறது. மந்திரவாதிகளுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை?

சேரும்போது ஒரு கதவு, நடுவில் மனம் மாற ஒரே ஒரு வாய்ப்பு, அதன் பின் எதிரணியின் ஆசிரியரிடம் பாடம் கிடையாது, அவர்கள் கடையில் ஸ்பெல் கிடையாது என்று வைத்தாலே போதும். தடை செய்த வித்தையைச் சொந்த அணியினர் கண்முன் போட்டால் விசாரணை வரட்டும். தலைமை நாற்காலி காலியானால் இன்னும் இரண்டு பேராவது அதற்குப் போட்டியிடட்டும். ஆறாவது பாகத்தில் இதைச் செய்து தாருங்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இத்தனையும் முடியாவிட்டாலும் ஒன்றையாவது செய்யுங்கள். ஒரு ஸ்பெல் போட்டுக் காட்டு என்று பாலத்து முனையில் ஃபரால்டா கேட்கிறாரே, அதே கேள்வியை ஆர்ச்மேஜ் அங்கியைக் கையில் கொடுக்கும் முன்பும் ஒருமுறை யாராவது கேட்கட்டும்.

இப்படிக்கு,
கோடரியை வைத்துவிட்டு வித்தை கற்க வந்த ஆட்டக்காரர்கள்