பிழை பைத்தானில் இல்லை, மேற்கோள் குறியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மாணவர் இணைப்பில் பைத்தான் என்ற நிரல்மொழி பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதன் பலன் திங்கள் சாயங்காலமே, அஸ்தம்பட்டியில் நான் டியூஷன் எடுக்கும் மாடி அறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர், கையில் ஒரு லேப்டாப். "மிஸ், பைத்தான்ல பக் கண்டுபிடிச்சிட்டோம்." உங்கள் இணையதளத்தில் இருந்த ஐந்து வரி நிரலை அப்படியே காப்பி செய்து ஓட்டியிருக்கிறார்கள், ஓடவில்லை. கட்டுரையின் கடைசியில் பைத்தானில் பிழை கண்டுபிடித்து எழுதிப் போட்டால் பயோடேட்டாவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசனை வேறு சொல்லியிருந்தீர்களா, புகாரையும் பாதி தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

பிழை பைத்தானில் இல்லை சார், உங்கள் பக்க வடிவமைப்பில். நிரலில் நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறியை உங்கள் மென்பொருள் அழகாக வளைத்துவிட்டது. வளைந்த குறி கணினிக்கு வேறு எழுத்து, அதனால் 'செல்லாத எழுத்து, யூ பிளஸ் 2018' என்று பிழைச் செய்தி வந்தது. 2018ஐப் பார்த்த ஒரு பையன் "பழைய வெர்ஷன் போல மிஸ்" என்று ஆண்டுக் கணக்கே போட்டுவிட்டான். குறியைத் திருத்தியதும் அடுத்தது வந்தது: ஃபார் என்று தொடங்கும் சுழற்சி வரிக்குக் கீழே இருக்க வேண்டிய உள்தள்ளல் உங்கள் பத்தியின் ஓரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பைத்தானில் உள்தள்ளல் அலங்காரம் இல்லை, இலக்கணம். (அதனால்தான் இந்தக் கடிதத்தில் நிரல் வரி ஒன்றுகூட இல்லாமல் எல்லாவற்றையும் வாயால் சொல்வது போல எழுதுகிறேன். நீங்கள் எதையும் வளைக்க முடியாது.)

இதைச் சொல்லி முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த 'எழுதிப் போடுங்கள்' என்ற யோசனை பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அப்படி எழுதிப் போடப்படுவதைப் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. பதவியெல்லாம் இல்லை. பகலில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன், மாலையில் டியூஷன், ராத்திரி தூக்கம் வராத நாட்களில் பைத்தானுக்கு வந்திருக்கும் புகார்களைத் திறந்து என் கணினியிலும் அப்படி நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, நடக்கிறது அல்லது இல்லை என்று கீழே எழுதுவேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். தொடர்ந்து நன்றாகச் செய்கிறவர்களுக்கு லேபிள் ஒட்டவும், புகாரை மூடவும் திறக்கவும் அனுமதி தருவார்கள். நிரலில் கை வைக்கும் அனுமதி அதில் சேராது. ட்ரையேஜ் என்று பெயர், வகைபிரிப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பா சேலம் ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். கையில் கட்டு, எதிரே புறாக்கூண்டு மாதிரி அறைகள், ஊர் பார்த்து உள்ளே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நூற்றில் தொண்ணூறு கடிதம் கை தானாகப் போடும், மிச்சம் பத்துதான் வேலை என்பார். 'ஏற்காடு அடிவாரம், டீக்கடை எதிரில்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கூண்டில் போடுவது? பைத்தான் புகார்களும் அதே மாதிரிதான். 'வேலை செய்யவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்' என்று ஒரு வரி. எந்த வெர்ஷன், விண்டோஸா லினக்ஸா, எதை ஓட்டினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, ஒன்றும் இருக்காது. கேட்டு எழுதுவோம், பதில் வராது. 'பென்டிங்' என்று ஒரு லேபிள் ஒட்டி வைப்பார்கள், அப்புறமும் பதில் இல்லையென்றால் மூடிவிடுவார்கள். சேர்க்கவும் திருப்பவும் முடியாத கடிதங்கள் போகும் இடத்தைத் தபாலில் ஆர்.எல்.ஓ. என்பார்களே, கிட்டத்தட்ட அது.

முன்பெல்லாம் பைத்தானுக்கென்று தனிப் புகார்ப் பெட்டி இருந்தது, 2022 ஏப்ரலில் இருந்து எல்லாம் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில். திறந்தே கிடக்கிற புகார்கள் ஆயிரக்கணக்கில். அதில் பைத்தானுக்குச் சம்பந்தமே இல்லாததும் நிறைய வரும். பாண்டாஸ் என்ற வெளித் தொகுப்பில் தப்பு என்றால் பாண்டாஸ்காரர்களிடம்தான் போக வேண்டும், நிரல் எழுதும் எடிட்டர் தொங்கினால் எடிட்டர்காரர்களிடம். பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுவில் போடவே கூடாது, அதற்கென்று தனிக் குழு இருக்கிறது, அவர்களுக்கு ரகசியமாகத்தான் எழுத வேண்டும். இதை உங்கள் கட்டுரை சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

பிழை மாதிரித் தெரிந்து பிழை இல்லாதவை ஒரு தனி ரகம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கடைசியில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வருவது, 2.5ஐ முழுமையாக்கினால் 3 வராமல் 2 வருவது, இதெல்லாம் எத்தனையோ பேர் எழுதி எழுதி மூடப்பட்டவை. முதலாவது கணினி பின்னங்களை இரும எண்ணில் வைக்கிற விதம், இரண்டாவது பாதியில் நிற்கிற எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும் கணக்கு.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. ஒரு பட்டறையின் இருப்புப் பட்டியலில் 'கொலுசு' இரண்டு தரம் வந்தது, இரண்டுக்கும் தனித்தனி எடை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டும் ஒரே கொலுசுதான், ஆனால் இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்றது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடையில் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒருவருடைய கீபோர்டு 'கொ'வில் இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடுகிறது, இன்னொருவருடையது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகப் போடுகிறது. திரையில் ஒன்று, உள்ளே ஒன்றில் ஆறு குறியீடு, மற்றதில் ஏழு. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறை இரண்டையும் அனுமதிக்கிறது, ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே நார்மலைஸ் என்று வசதியும் இருக்கிறது. அதனால் இது பிழை இல்லை. பட்டறைக்காரருக்கு இதை விளக்கியது தனிக்கதை.

இன்னொன்று, ஏற்காட்டில் நடந்தது. அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நாகலூரில் என் சித்தப்பா மகன் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறான். பழம் பறிக்கிற சீசனில் யார், எந்த ஊர், எத்தனை கிலோ என்று தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும், அதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக் கூலி போட ஒரு நிரல் எழுதிக்கொடுத்தேன். வார்த்தையைப் பிரிக்க எல்லோரும் செய்வது போல, ரீஜெக்ஸ் என்ற தேடல் குறிமுறையில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ். ஆங்கிலத்தில் சோதித்தேன், பிரமாதம். மறுநாள் அவனிடமிருந்து போன்: "அக்கா, ஊரையே துண்டு துண்டா வெட்டிட்டியே!" நாகலூர் என்பது ந, கல, ர என்று மூன்று துண்டாக அச்சாகியிருந்தது. ஏற்காடு என்பது ஏற, க, ட. சேலமும் தப்பவில்லை, ச, லம. காலும் கொம்பும் புள்ளியும் எங்கே வந்தாலும் வார்த்தை அங்கேயே முடிந்தது என்று அது நினைத்துக்கொள்கிறது.

காரணம் இதுதான். யூனிகோடு க, ச, ட எல்லாவற்றையும் 'எழுத்து' என்ற வகையிலும், கால், கொம்பு, புள்ளியை 'குறி' என்ற வகையிலும் வைத்திருக்கிறது. பேக்ஸ்லாஷ் டபிள்யூ எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் ஏற்கும், குறியை ஏற்காது. ஆனால் அதே பைத்தானில் சேலம் என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், 2008இல் வந்த 3.0இல் இருந்தே தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. தமிழ் எண்களில் ௧௨ என்று கொடுத்து, முழு எண்ணாக மாற்றும் இன்ட் என்பதைக் கேட்டால் 12 என்று சரியாகச் சொல்கிறது. அவ்வளவு தெரிந்த மொழிக்கு நாகலூர் ஒரு வார்த்தை என்று தெரியவில்லையே என்று ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து நீளமாக, கொஞ்சம் சூடாகவே ஒரு புகார் எழுதி அனுப்பினேன். தேடிப் பார்க்கவில்லை, அதுதான் என் தப்பு. விடிவதற்குள் யாரோ ஒருவர் பணிவாக இரண்டு வரி எழுதியிருந்தார்: இது ஏற்கனவே இருக்கிறது, அங்கே பாருங்கள். போய்ப் பார்த்தால் ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு இது உதவவில்லை என்று 2007லேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். இந்திக்கும் இதே கதிதான். என்னுடையது டூப்ளிகேட் என்று மூடப்பட்டது. அன்றைக்குப் படித்த வாதங்களால்தான் இந்த வகைபிரிப்பு வேலைக்கே வந்தேன்.

ஏனென்றால் இது பிழையா, புது வசதி கேட்கும் விண்ணப்பமா என்பதே லேசில் தீராத கேள்வி. பிழை என்று வைத்தால் இப்போது புழக்கத்தில் இருக்கும் வெர்ஷன்களிலேயே திருத்தலாம். வசதி என்றால் அடுத்து வரும் வெர்ஷனில் மட்டும்தான், அதுவும் வருடத்துக்கு ஒன்று, அக்டோபரில். ஒரு வெர்ஷனுக்கு ஆயுள் ஐந்து வருடம், முதல் இரண்டு வருடம்தான் சாதாரணப் பிழை திருத்துவார்கள், மிச்சம் மூன்று வருடம் பாதுகாப்பு ஓட்டை மட்டும். (3.8க்கு 2024 அக்டோபரோடு அதுவும் நின்றது. அதையே இன்னும் ஓட்டிக்கொண்டு புகார் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.) ஆவணத்தைப் பார்த்தால், பைத்தான் எழுத்து என்று எதைச் சொல்கிறது, யூனிகோடு நூலின் விளக்கத்தில் இருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எழுதியபடி நடப்பதை எப்படிப் பிழை என்பது? அது ஒரு பக்கம். இத்தனை வருடமாக இப்படியே நடக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, திடீரென்று மாற்றினால் அவை உடையும். அது இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமான வாதம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், சொந்த ஊர்ப் பெயரை மூன்றாக வெட்டுகிறதைப் பிழை என்றுதான் சொல்வேன், லேபிள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தற்காலிகமாக, அந்தக் குறிமுறையின் பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் ரீஜெக்ஸ் என்ற வெளித் தொகுப்பைப் போட்டுக்கொண்டேன், அது குறிகளையும் சேர்த்துக்கொள்கிறது. நாகலூர் ஒட்டிக்கொண்டது.

அதே சமயம் 'பிழை இல்லை' என்று மூடுவதோடு எல்லாமே முடிந்துபோவதும் இல்லை. போன வருடம் ஒரு மாணவி ஆமை வரைகிற நிரல் எழுதி, கோப்புக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்துவிட்டாள். படம் வரையப் பைத்தானுக்குள்ளேயே இருக்கும் தொகுப்பின் பெயரும் அதுதான். டர்ட்டிலை இம்போர்ட் செய் என்றால் பைத்தான் அவளுடைய கோப்பையே எடுத்துக்கொண்டது, எதையும் வரைய முடியவில்லை, பிழைச் செய்தியும் புரியவில்லை. இதே போல உள்ளே இருக்கும் ரேண்டம் தொகுப்பின் பெயரை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகம் பூராவும் உண்டு. கண்டிப்பாக இது பைத்தானின் தப்பு இல்லை. ஆனால் இத்தனை பேர் ஒரே குழியில் விழுந்தால் அங்கே ஒரு பலகையாவது வைக்கலாம் இல்லையா, 2024 அக்டோபரில் வந்த 3.13இல் வைத்தார்கள்: உங்கள் கோப்பின் பெயரும் உள்ளே இருக்கும் தொகுப்பின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று இப்போது செய்தியே சொல்கிறது.

புது வசதி கேட்பது பற்றி ஒரே ஒரு விஷயம். 'தமிழ் எழுத்தைச் சரியாக எண்ண பைத்தானில் ஒரு வழி வேண்டும், சேலம் என்றால் 3 வர வேண்டும், 5 வருகிறது' என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான ஆசை, ஆனால் அதைப் பைத்தானுக்குள்ளேயே வைக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஓபன்-தமிழ் என்ற தொகுப்பை நிறுவினால் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத எழில் என்ற மொழி இருக்கிறது, அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். வெளியே நன்றாக நடப்பதை உள்ளே கொண்டுவந்தால் பிறகு அதை வருடக்கணக்கில் யார் பராமரிப்பது என்றுதான் முதல் கேள்வி வரும். பெரிய மாற்றம் என்றால் பெப் என்ற முன்மொழிவை முறைப்படி எழுதி, விவாதித்து, ஐந்து பேர் கொண்ட குழு முடிவு செய்ய வேண்டும். 2018இல் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் ஒதுங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது.

இப்போது அந்த மூன்று பையன்கள். பாதி எழுதிய புகாரை அழிக்கச் சொன்னேன், முகம் தொங்கிப்போனது. சரி, பக் தேடுவதைவிட யாரோ எழுதியதை ஓட்டிப் பார்க்கலாம் வாங்கடா என்று உட்காரவைத்தேன். அவர்களுடையது விண்டோஸ் லேப்டாப், விண்டோஸில் மட்டும் நடக்கும் புகார்களை ஓட்டிப் பார்க்க ஆள் எப்போதும் தேவை. பழைய புகார் ஒன்றை எடுத்தோம். எழுதியவர் நாற்பது வரி நிரலை அப்படியே கொட்டியிருந்தார். ஒவ்வொரு வரியாக எடுத்து, இன்னும் உடைகிறதா, இன்னும் உடைகிறதா என்று ஓட்டி ஓட்டி ஏழு வரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனது, நடுவில் தட்டுவடை செட் வாங்கி வர ஒருவன் கீழே போய் வந்தான். கடைசியில் வெர்ஷன், விண்டோஸ் விவரம், ஏழு வரி, 'இன்னும் நடக்கிறது' என்று நாலே வாக்கியம், ஆங்கிலத்தில் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டு எழுதிப் போட்டார்கள். இதைப் பயோடேட்டாவில் போடலாமா மிஸ் என்றான் ஒருவன். போட்டுக்கோ என்றேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். இணையதளத்தில் அந்த நிரலின் மேற்கோள் குறிகளை இன்றைக்கே நேராக்கிவிடுங்கள், தேர்வு நேரத்தில் இன்னும் எத்தனை பேர் அதைக் காப்பி செய்துகொண்டிருக்கிறார்களோ. அச்சில் திருத்தம் போடும்போது ஃபார் வரிக்குக் கீழே நாலு இடம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், ஒரு பத்தியின் அகலத்தில் அடங்காது என்றால் இரண்டு பத்தியாகப் போடுங்கள், பக்கத்தில் இருக்கிற விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.