எட்டப்பன் என்று யாரைச் சொல்கிறாய்?

கோவில்பட்டி

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் பாதியிலேயே உனக்குக் குரல் ஏறிவிடும், எழுதியதே நல்லது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனால் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அது தெரிவதில்லை. மருமகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு வைத்திருக்கிறோம்.

உன் அச்சகத்துக்கு எதிர்க்கடைக்காரனைக் கடிதம் முழுக்க 'எட்டப்பன், எட்டப்பன்' என்று திட்டியிருக்கிறாயே, அதை மருமகள் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். அவள் பிறந்த ஊர் எட்டப்பன் ஆண்ட எட்டயபுரம். கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்றைக்கே, "இவகிட்ட ரகசியம் எதையும் சொல்லிடாதீங்கடி" என்று ஒருத்தி கிண்டல் பண்ண, படிப்பு முடிகிற வரைக்கும் அது ஒட்டிக்கொண்டதாம். பாரதி பிறந்த ஊர், முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடிய ஊர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய ஊர். எதுவும் எடுபடவில்லை. ஒரே ஒரு பேர் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். எட்டப்பன் எப்போதடா கட்டபொம்மனுக்கு வேண்டியவராக இருந்தார்? எட்டயபுரத்துக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு வெகுநாளாக இருந்தது. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கும்பெனித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது எட்டயபுரம் கும்பெனி பக்கம் நின்றது. தப்பிப் போனவர்களைத் துரத்தியதிலும் அந்தப் படைக்குப் பங்கு உண்டு. கோலார்பட்டியில் சண்டை நடந்து கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார்; அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சீமையைக் கூறுபோட்டபோது எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. இதையெல்லாம் நான் நியாயப்படுத்தவில்லை. கும்பெனிக்காரனுக்குக் கைகட்டி நின்றவர்தான். ஆனால் கட்டபொம்மன் அவரை நம்பி ஏமாறவில்லையே! பகையாளி பகையாளியாகவே நடந்துகொண்டான், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. திருக்களம்பூர்க் காட்டுப் பக்கம் ஒளிந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பெனியிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் புளியமரத்தில் தூக்கு. பிடித்துக் கொடுத்தவர் பேரைச் சொல்லி இன்றைக்கு யாராவது யாரையாவது திட்டிக் கேட்டிருக்கிறாயா? 1959-இல் வந்த சிவாஜி படம் எட்டப்பனை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. புதுக்கோட்டைக்காரன் நிம்மதியாக ஊர்ப்பேரைச் சொல்லிக்கொள்கிறான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் கதையிலும் அதேதான் நடக்கிறது. எதிர்க்கடைக்காரன் உன் உப்பைத் தின்றவனா? அவன் கடை போட்டிருக்கிறான், விலையைக் குறைக்கிறான், ஆள் பிடிக்கிறான். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. உன் மேஜையில் உட்கார்ந்து, உன் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, எந்த வீட்டுக்கு எத்தனை பத்திரிகை, அட்டை என்ன ரகம், நீ என்ன ரேட் சொன்னாய் என்பது வரைக்கும் எதிர்க்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினானே உன்னிடம் வேலை பார்க்கிற பையன், அவனைப் பற்றிக் கடிதத்தில் நாலே வரி. அதிலும் "பாவம், சின்னப் பையன், யாரோ தூண்டிவிட்டிருப்பார்கள்" என்கிறாய்!

புரியாமல் இல்லை. தெரியாதவனைத் திட்டுவது சுலபம். இவனுக்கு நீதான் தொழில் கற்றுக்கொடுத்தாய், அவன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை சும்மா அடித்துக் கொடுத்தாய். அவனைத் துரோகி என்று சொல்லிவிட்டால், நான் எப்படி இவ்வளவு நாள் நம்பினேன் என்கிற கேள்வி உன் பக்கமே திரும்பும். அந்தக் கோபத்தை எதிர்க்கடைப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாய். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. எதிரி வீட்டில் யார் கை நனைக்கிறார்கள்?

அவனை வேலையை விட்டுத் துரத்து என்று சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். ஆனால் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேள். நோட்டைக் காட்டியே கேள். கேட்காமலே தினமும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு, ராத்திரி தூக்கம் வராமல் எனக்குக் கடிதம் எழுதுகிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டையும் இனிமேல் டிராயரில் வைத்துப் பூட்டு.

சரி, வளைகாப்புக்கு 150 பத்திரிகை வேண்டும். மஞ்சள் அட்டை போதும், பளபளப்பெல்லாம் வேண்டாம். விஷயத்தைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். ஊர்ப்பேரில் பிழை விட்டுவிடாதே, போன தடவை 'கோவில்படி' என்று அடித்து வைத்திருந்தாய். எனக்காக ரேட்டைக் குறைத்துச் சொன்னால் எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடுவேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு.

அன்புடன்,
ராமு