வலிப்பு: அறுவை சிகிச்சைக்குத் தயக்கம் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்து போதிய பலன் தருவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் உட்கொண்டும் வலிப்பு நிற்காவிட்டால், மூன்றாவது, நான்காவது மருந்து என்று ஆண்டுகளைக் கழிக்காமல், அது மூளையின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்று எம்ஆர்ஐ, இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) சோதனைகளால் கண்டறிந்து, அப்பகுதியை அகற்ற இயலுமா என நிபுணரிடம் கேட்பதே முறை. 2001இல் வெளியான கனடிய ஆய்வில், பொட்டு மடல் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) அறுவை சிகிச்சைக்குத் தேர்வானோரில் 58 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப்பின் சுயநினைவைப் பாதிக்கும் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தோரில் 8 விழுக்காட்டினரே. நினைவாற்றல் குறையுமோ என்ற அச்சம் நியாயமானது. எல்லாருக்கும் இச்சிகிச்சை பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால், திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று மாத்திரைகளை அலமாரியில் ஒளித்துவைக்கும் நம் வீட்டுப் பழக்கத்திற்கு என்ன நியாயம்? வலிப்பு வந்த நாள், நேரத்தைக் குறித்துப் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டி, நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி குடும்பத்தினர் கேட்க வேண்டும்.

வாசகர், தோ பாயோ