பவுலுக்கும் பாலுக்கும் என்ன உறவு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் குழந்தைப் பெயர்ப் பகுதியில் ‘பால் – பால் போன்ற வெள்ளை மனம் உடையவர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தங்கள் இதழில் இப்படி ஒரு வரியா என்று மனம் நொந்தது. ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதியதால் வந்த ‘பால்’ அது. மூலம் இலத்தீன் ‘பவுலுஸ்’, பொருள் ‘சிறிய’. அதுவே கிரேக்கத்தில் பவுலோஸ், இத்தாலியில் பாவ்லோ, ஸ்பெயினில் பாப்லோ, ரஷ்யாவில் பாவெல்.

உருவத்தில் குள்ளமானவர் என்பதால் திருத்தூதர் பவுலுக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் முன்பு ஒருமுறை எழுதினீர்கள். அது ரோமர்களின் குடும்பப் பெயர் ஐயா. கி.மு. 216இல் கன்னே போரில் கார்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் தோற்று மாண்ட ரோமைக் கான்சல் (உயர் ஆட்சியாளர்) லூசியுஸ் எமிலியுஸ் பவுலுஸ். அவர் என்ன குள்ளரா?

ஜனவரி 25 மனமாற்றத் திருநாள் வந்தால் ‘சவுல் மனம் மாறிப் பவுல் ஆனார்’ என்று தவறாமல் எழுதுகிறீர்கள். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலை எடுத்துப் பாருங்கள். தமஸ்கு வழியில் ஒளி கண்டது 9ஆம் அதிகாரம். அதற்குப் பிறகும் தமஸ்குவில் இருந்த சீடர் அனனியா அவரைச் ‘சவுல்’ என்றே கூப்பிடுகிறார். 13ஆம் அதிகாரத்தில், சைப்பிரஸ் தீவில், செர்கியு பவுல் என்ற ஆளுநர் முன்னிலையில்தான் ‘பவுல் என்னும் சவுல்’ என்று வருகிறது. பிறப்பால் ரோமைக் குடிமகனான யூதருக்கு இரண்டு பெயர் இருந்தது, அவ்வளவுதான். சவுல் எபிரேயம், ‘கேட்டுப் பெற்றவன்’ என்று பொருள்.

இதைவிட வருத்தம், சின்னப்பரை வேறொரு புனிதர் என்று எழுதியது. ‘சிறிய’ என்ற பொருளை அப்படியே தமிழில் வைத்து நம் கத்தோலிக்க முன்னோர் பவுலுக்கு வழங்கிய பெயர் அது. ஜூன் 29 இராயப்பர் (பேதுரு) சின்னப்பர் திருநாள் என்று எந்தப் பாட்டியும் சொல்வாரே! வனத்துச் சின்னப்பர்தான் வேறு ஆள், எகிப்தின் பாலைவனத் துறவி.

இப்படி எழுதுவதால் தடுமாறுவது பூர்வீகம் தேடுகிறவர்கள். இலத்தீனில் எழுதிய பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘பவுலி’ என்று இருந்தால் அது தனிப்பெயர் அல்ல. ‘பவுலுடைய’ என்ற வேற்றுமை உருபு ஏறிய வடிவம். தகப்பன் பெயர் பவுலுஸ்தான். அதே மனிதர் வீட்டில் சின்னப்பன். மூன்றையும் மூன்று ஆளாக எண்ணினால் வம்சாவளியே பிசகிவிடும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ‘பவுல்: இலத்தீன்; சிறிய. தமிழில் சின்னப்பர்’ என்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்