கோளாறு மேப்பில் இல்லை, ஒயரில் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, பந்தயக் காருக்குத் தனி இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) பொருத்துவதை மூன்று வரியில் முடித்துவிட்டது: பெட்டியை வாங்கு, ஒயரைச் செருகு, இணையத்தில் கிடைக்கும் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணை) ஏற்று. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ பந்தய நாளில் பிட் பக்கம் போனால், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேப்பைத் திருத்துகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலருடைய வண்டியில் கோளாறு மேப்பில் இருக்காது. கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) சிக்னலிலோ எர்த்திலோ சென்சார் அளவீட்டிலோ இருக்கும். ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட், எந்த இசியுவை வாங்கினாலும் இது பொருந்தும். இந்த மூன்றும் சரியாகும் வரை டியூனிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிராங்க்கிலிருந்து தொடங்குவோம். பல்சக்கரத்தில் 36 பல்லுக்கு 1 குறைவாகவோ (ஃபோர்டு வழக்கம்) 60 பல்லுக்கு 2 குறைவாகவோ (போஷ் வழக்கம்) இருக்கும். அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இசியு கணக்குப் போடுகிறது. இரண்டு ஒயர் உள்ள காந்த சென்சாரில் அந்த ஒயர்கள் இடம் மாறிவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிலும் நிற்கும். 4,000, 5,000 ஆர்பிஎம் தாண்டும்போது திடீரென்று சிங்க் (இசியு பல்லை எண்ணும் கணக்கு) விட்டுப்போகும். இன்ஜின் வெட்டும், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேப்பில் கை வைப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க 2 நிமிடம் போதும். இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இசியுவின் மென்பொருளில் டூத் லாகரைத் திறந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கோடு வரும், கோட்டின் உயரம் முந்தைய பல்லிலிருந்து ஆன நேரம். 36-1 சக்கரத்தில் எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒன்று மட்டும் இரு மடங்கு என்றால் சரி. இரு மடங்குக் கோடு இல்லாமல் ஒன்றரை மடங்கில் இரண்டு கோடு பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒயர் தலைகீழ். பல்லின் நடுவில் சட்டென்று மாறும் சிக்னலைப் பிடிக்க வேண்டிய இசியு, பள்ளத்தின் நடுவில் மெதுவாக மாறுவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒயரை மாற்றிப் போடுங்கள். பல்லுக்கும் சென்சாருக்கும் 0.8 முதல் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். சிக்னல் ஒயரின் ஷீல்டை (ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறை) இசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் செய்தால் ஷீல்டு வழியாகவே மின் இரைச்சல் ஏறும். மூன்று ஒயர் ஹால் சென்சாராக இருந்தால் சிக்னல் ஒயருக்கு புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னல் ஒயரை வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்) உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிக்னலே வராது.

அடுத்து டைமிங் லைட், ஸ்பார்க் அடிக்கும் கணத்தில் மின்னும் விளக்கு. மென்பொருளில் ஸ்பார்க் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, கப்பியின் குறியில் வெள்ளை மை தடவி, 1,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 10 காட்டாவிட்டால் டிரிகர் ஆங்கிளை மாற்றிச் சரி செய்யலாம். பிறகு 4,000 வரை ஏற்றுங்கள். குறி நகரக் கூடாது. நகர்ந்தால் சென்சார் ஒயரோ மென்பொருள் அமைப்போ இன்னும் தப்பு. வேஸ்டட் ஸ்பார்க் (ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் ஸ்பார்க் தருவது) முறையில் பிளக் இரண்டு மடங்கு அடிப்பதால், டயல் வைத்த டைமிங் லைட்டுகள் தப்பான எண்ணைக் காட்டும். டயலை 0-வில் வைத்துவிட்டுக் குறியை மட்டும் பாருங்கள். இதைச் செய்யாமல் வண்டியை டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றுகிறவர்கள் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

ஸ்பார்க் தரும் காயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்பார்க் அவுட்புட்டில் ரைசிங், ஃபாலிங் (சிக்னல் ஏறும்போதா, இறங்கும்போதா ஸ்பார்க் அடிப்பது) என்று ஒரு தேர்வு உண்டு. மாறிப்போனால் சும்மா இருக்கும் நேரமெல்லாம் காயிலில் கரண்ட் ஓடும். சாவியைப் போட்ட சில நொடியில் கை வைக்க முடியாத சூடு. சார்ஜ் தொடங்க வேண்டிய நேரத்தில் ஸ்பார்க் அடிப்பதால் ஸ்டார்ட்டரும் உதை வாங்கும். ஆகவே முதல் முறை சாவி போடும்போது காயில் ஃபியூஸைக் கழற்றி வைத்து, அமைப்பைச் சரிபார்த்த பிறகு மாட்டுங்கள். பல காயில்களுக்கு 14 வோல்ட்டில் சுமார் 3 மில்லிசெகண்ட் டுவெல் (காயில் சார்ஜ் ஆகும் நேரம்) போதும். ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக் போட்டால் லேப்டாப் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும், இசியுவே ரீசெட் ஆகும். என்ஜிகே பிளக் என்றால் பெயரில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எர்த் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. சென்சார்களின் எர்த் ஒயர் எல்லாம் இசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கு மட்டுமே போக வேண்டும், பாடிக்குப் போகக் கூடாது. பவர் எர்த்தை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் கூலன்ட் வெப்பநிலை ஒரே நொடியில் 4, 5 டிகிரி தாவினால் எர்த் கலந்துவிட்டது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டர் அடியுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளை மாற்றுங்கள். நம் ஊர்ப் பந்தயங்களில் ஓடும் பழைய எஸ்டீம், ஹோண்டா சிட்டி போன்ற வண்டிகளில் பெரும்பாலும் ஹார்னஸையே (ஒயர்க் கட்டு முழுவதையும்) புதிதாக இழுக்க வேண்டிவரும். அப்போது ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். ஈயம் ஏறிய இடம் முடிகிற நுனியில் அதிர்வு தாங்காமல் ஒயர் ஒடியும். ஒயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் நல்ல கிரிம்ப் கருவிக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது. பெட்ரோல் பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

சென்சார் அளவீட்டைச் சரிபார்க்க இன்ஜினை ஓட்டவே வேண்டாம். சாவி மட்டும் போட்ட நிலையில் மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது; மேலே சொன்ன மேப் வேறு) வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், கோவையில் 96-97, ஊட்டியில் 77 அளவில். கோவையில் நின்றுகொண்டு 101 என்று காட்டினால் அளவீடு தப்பு. இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட்டும் உள்ளிழுக்கும் காற்றும் ஒரே வெப்பநிலை காட்ட வேண்டும். காற்று வெப்ப சென்சாரை அலுமினிய மேனிஃபோல்டில் திருகாதீர்கள். சித்திரை வெயிலில் பிட்டில் 10 நிமிடம் நின்றாலே அது 70 டிகிரி காட்டும். காற்று லேசாகிவிட்டது என்று நம்பி இசியு பெட்ரோலைக் குறைக்க, மறுபடி ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் திக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயே சரியான இடம்.

இன்ஜெக்டருக்கு டெட் டைம் என்று ஒன்று உண்டு. கரண்ட் வந்ததிலிருந்து உண்மையில் பெட்ரோல் பாயும் வரை ஆகும் தாமதம் அது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். வோல்ட் குறையக் குறையக் கூடும். ஐடிலில் ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டுப் பாருங்கள். லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் சரியான கலவை) லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் ஓடினால் அந்த அட்டவணை தப்பு, மேப்பைத் தொடாதீர்கள். லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரிலும் ஒரு பொறி இருக்கிறது. மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும், மீட்டர் லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், மிஸ்ஃபயர் இன்னும் கூடும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே பொய்தான். போஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரை ஹீட்டர் வேலை செய்யாமல் குழாயில் வைத்து இன்ஜினை ஓட்டக் கூடாது, கரியேறிக் கெட்டுவிடும்.

இணையத்தில் கிடைக்கும் மேப் ஏன் ஆகாது என்பதற்கு இந்தியாவில் தனிக் காரணம் உண்டு. நம் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் முழு த்ராட்டிலில் லாம்டா 0.87 வந்த மேப் இங்கே 0.93-ஐத் தாண்டிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் ஒருவேளை பிழைக்கும். டர்போ இன்ஜினில் 0.78 முதல் 0.80 வரை வேண்டும், அங்கே இந்த வித்தியாசம் பிஸ்டனைக் கேட்கும். விகிதக் கணக்கை விட்டுவிட்டு லாம்டாவிலேயே இலக்கு வையுங்கள். எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் லாம்டா 1 என்பது மாறாது. இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதம் தாண்டினால் மேப்பைத் திருத்திப் பயனில்லை, பெரிய இன்ஜெக்டர் போட வேண்டும்.

இவ்வளவும் பந்தயத் தடத்துக்கான வண்டிகளுக்கு. சாலையில் ஓடும் காரில் கை வைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கும் 182ஏ பிரிவையும் முதலில் படித்துவிடட்டும்.

கட்டுரையோடு வந்த அட்டவணையில் முழு த்ராட்டிலுக்கான காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 என்று அச்சாகியிருக்கிறது. அது எத்தனால் கலக்காத பெட்ரோலில் நிதானமாக ஓட்டும்போது இருக்க வேண்டிய அளவு. அடுத்த வாரமே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பந்தயக் கார் ஒயரிங் தொழிலில் உள்ளவர்கள்,
கோவை.