'சிவா'வின் பழைய ஒலியையும் விட்டுவையுங்கள்

அன்னபூர்ணா ஸ்டுடியோஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 1989 அக்டோபரில் வெளியான உங்கள் 'சிவா' படத்தை 2025 நவம்பரில் 4கே தெளிவிலும், சுற்றிலும் தலைக்கு மேலுமிருந்து கேட்கும் டால்பி அட்மாஸ் ஒலியிலும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தீர்கள். பழைய படங்களின் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத தயாரிப்பாளர்கள் நிறைந்த நாட்டில் இது பெரிய காரியம். அதற்கு முதலில் நன்றி. கேட்க வந்தது ஒன்றுதான். புது அட்மாஸ் ஒலியோடு, ஒற்றைத் தடத்தில் பதிவான அசல் மோனோ ஒலியையும் நாங்கள் கேட்கும்படி வையுங்கள். ஓடிடியிலோ டிஸ்க்கிலோ இரண்டாவது ஆடியோ டிராக்காக இருந்தால் போதும்.

தெலுங்குப் படத்தின் ஒலியைப் பற்றித் தமிழனுக்கு என்ன கவலை என்று நினைக்கலாம். தமிழில் டப் ஆகி வந்ததால் எங்களுக்கு அது 'உதயம்'. டப்பிங் படம் என்ற நினைப்பே வராமல் அதைப் பார்த்தவர்கள் இங்கே ஏராளம். வில்லன் பவானியாக வரும் ரகுவரனும் நாயகி அமலாவும் எங்களுக்கு ஏற்கெனவே பழகிய முகங்கள். இசைக்கு இளையராஜா. அப்புறம் எப்படி அந்நியமாகத் தோன்றும்?

பாடல்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாட்டனி வகுப்பா, மேட்னி ஷோவா என்று பையன்கள் அலைபாயும் பாட்டு ஒன்று போதும், பாடலாசிரியர் சீதாராம சாஸ்திரியின் குறும்பைச் சொல்ல. ஆனால் அதே வருடம் 'சிவா'வின் நாயகன் நாகார்ஜுனாவுக்கு அதே ராஜா 'கீதாஞ்சலி' படத்தில் போட்ட பாடல்களோடு வைத்துப் பார்த்தால் இவை இரண்டாம் வரிசைதான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். 'சிவா'வின் சொத்து பின்னணி இசையில் இருக்கிறது. அதுவும் இசை எங்கே தொடங்குகிறது, எங்கே வாய் மூடிக்கொள்கிறது என்பதில்.

சைக்கிள் செயின் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குள் ஒரு அடிதடி. நாயகன் சைக்கிளிலிருந்து செயினை வெறும் கையால் பிடுங்குகிறான். அந்த இரும்புச் சத்தமும் ராஜாவின் இசையும் இன்றுவரை ஒன்றாகத்தான் ஞாபகத்துக்கு வருகின்றன, ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க முடிவதில்லை. அண்ணன் மகளைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ரவுடிகளிடமிருந்து தப்பி ஓடும் காட்சியிலும் அப்படித்தான். குழந்தை கையில் இருக்கிறது என்ற பதற்றம் பாதி படத்தில் என்றால் மீதி இசையில். வசனம் பேசி மிரட்டாமலேயே பயமுறுத்தலாம் என்று முதல் படம் எடுக்கும் இயக்குநர் ராம்கோபால் வர்மாவுக்குத் தெரிந்திருந்தது. விஜயவாடாவில் என்ஜினியரிங் படித்துவிட்டு ஹைதராபாத்தில் வீடியோ கடை வைத்திருந்த ஆள். படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. பெரிய இசையமைப்பாளர் கிடைத்துவிட்டார் என்பதற்காக எல்லாக் காட்சியையும் வாத்தியங்களால் நிரப்பவில்லை.

இதெல்லாம் ஒரே ஒரு ஒலித்தடத்துக்குள் அடைக்கப்பட்ட வேலை. மோனோவில் வசனம், இசை, அடி விழும் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் திரைக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்து வரும். ஒன்று மேலே வர வேண்டுமென்றால் மற்றொன்று இறங்க வேண்டும். எது ஏறும், எது இறங்கும் என்பதை அன்று மிக்சிங் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் காட்சிக்குக் காட்சி முடிவு செய்தார்கள். அந்த முடிவுகளும் படத்தின் இயக்கத்தில் சேர்ந்தவைதான்.

அட்மாஸ் வரும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒரே தடத்திலிருந்து வசனத்தையும் இசையையும் பிரித்தெடுக்கலாம். ஆனால் வயலின் ஒலி ஓய்ந்து தேயும் அந்த வால் பகுதி எதோடு சேரும்? கொஞ்சம் வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் காணாமலே போகும். பிரித்த ஒலிகளை அறையின் நாலு பக்கமும் பரப்பினால் போட்டி குறைந்துவிடும், எல்லாமே சத்தமாகக் கேட்கலாம். நன்றாகத்தான் இருக்கும். தியேட்டரில் விசில் பறக்கும். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது 2025-ல் எடுத்த முடிவு, 1989-ல் எடுத்தது வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வழி வேண்டும்.

ஹாலிவுட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை 1996-ல் மீட்டெடுத்தபோது காலடி, துப்பாக்கி போன்ற சத்தங்களைப் புதிதாக உருவாக்கிச் சேர்த்தார்கள். ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பிற்பாடு வந்த டிஸ்க்குகளில் பழைய மோனோவும் சேர்ந்துகொண்டது. இன்று அங்கே பழைய படம் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே அசல் ஒலி உண்டா என்பதைத்தான்.

இதை உங்களிடம் கேட்க இன்னொரு காரணம் உண்டு. 2019 டிசம்பரில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனின் படப் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறை உங்கள் வளாகத்தில்தான் நடந்தது. மேக்னடிக் டேப்பைப் புளிப்பு வாடை அடித்துச் சுருங்கும்வரை விட்டுவைக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'சிவா'வின் இசைத் தடங்கள் தனியாக எங்காவது இருந்தால் அவற்றை டிஜிட்டலாக்கிப் பட்டியலிடுங்கள். ராஜா ரீலைப் பார்த்துவிட்டு நொடிக் கணக்கு வைத்துக் காகிதத்தில் எழுதியதை நேரில் உட்கார்ந்து வாசித்த கலைஞர்களின் பெயர்கள் கிடைத்தால் அவற்றையும் சேருங்கள். டைட்டிலில் ஒரு பெயர்தான் வரும், வாசித்த கைகள் பல.

'உதயம்' தமிழ் ஒலித்தடத்தையும் மறந்துவிடாதீர்கள். டப்பிங் தடங்களைத்தான் எல்லோரும் முதலில் தொலைப்பார்கள். தமிழில் தந்தால் இங்கே பார்க்க ஆள் இருக்கிறது, வியாபாரமாகவும் நஷ்டம் வராது.

அசல் மோனோவை வெளியிடும்போது அதைச் சத்தம் கூட்டி, இரைச்சல் நீக்கி மெருகேற்ற வேண்டாம். அன்றைய பிரிண்டில் லேசான இரைச்சல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி மட்டும் போடுங்கள்.

அன்புடன்,
ராஜா ரசிகன் ஒருவன்