பீச்சிங் தலையில் கட்டிய பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் லண்டன் பயணக் கட்டுரையில், "1936 தீயோடு கிரிஸ்டல் பேலஸ் ஹை லெவல் ரயில் நிலையத்தின் கதையும் முடிந்தது, மிச்சத்தை பீச்சிங் இழுத்து மூடினார்" என்று ஒரு வரி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இதைவிட இறுக்கமாக முடிச்சுப் போட முடியாது.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி அரண்மனை, அதாவது அந்தப் பெரிய கண்காட்சிக் கூடம், எரிந்தது 1936 நவம்பர் 30 இரவு. நிலையம் மூடப்பட்டது 1954 செப்டம்பர் 20. போருக்காக 1944 மே முதல் 1946 மார்ச் வரை நிறுத்தியது போக, நடுவில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1954-இல் பீச்சிங் ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரயில்வே தலைவரானது 1961-இல், நஷ்டப் பாதைகளையும் நிலையங்களையும் மூடச் சொன்ன அவரது அறிக்கை வந்தது 1963 மார்ச்சில். கட்டடத்தை இடித்ததே 1961-இல்! இல்லாத நிலையத்தை அவர் எப்படி மூடினார் என்று கட்டுரையாளர் விளக்கினால் தெரிந்துகொள்கிறேன்.

மூடியதற்குக் காரணம் வேறு. தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் பிரிந்து மேடேறும் இந்தக் கிளைப் பாதை, அரண்மனைக் கூட்டத்தை நம்பி 1865 ஆகஸ்ட் 1-இல் திறக்கப்பட்டது. கூப்பிடு தூரத்தில் 1854-லிருந்தே லோ லெவல் நிலையம். அங்கிருந்து விக்டோரியாவுக்கும் போகலாம், லண்டன் பிரிட்ஜுக்கும் போகலாம். கிளைப் பாதை நெடுக பெரிய தோட்டங்களோடு வில்லா வீடுகள், ஆகவே ஆட்கள் குறைவு. அப்பர் சிடனம் நிலையம் இரண்டு குகைப்பாதைகளுக்கு நடுவே, மரங்கள் அடர்ந்த சரிவின் அடியில் கிடந்தது. வேலை முடிந்து வந்து இறங்கியவர் வீடு சேர மலையேற வேண்டும். 1925-இல் மின்ரயில் விட்டும் கூட்டம் தேறவில்லை. போருக்குப் பிறகு பழுதுபார்க்கும் செலவு வேறு. வரவுக்கு அது கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்கள்.

படத்தையாவது சரியாகப் போட்டிருக்கலாம். மூடி எழுபது ஆண்டான நிலையத்தில் இன்றைய லண்டன் ஓவர்கிரவுண்ட் சேவையின் ஆரஞ்சு நிற ரயில் நிற்கிறது! அது லோ லெவல் நிலையம், இன்றும் இயங்குகிறது. ஹை லெவல் இருந்தது மேலே, பரேட் சாலையை ஒட்டி. அங்கே இப்போது வீடுகள்.

இது முதல் தடவையுமல்ல. பிஸ்ஸாரோ 1871-இல் காக்ஸஸ் வாக் நடைபாலத்திலிருந்து வரைந்த ஓவியத்தை முன்பொருமுறை "பெஞ்ஜ் நிலையம்" என்று அச்சிட்டீர்கள். அது இதே கிளைப் பாதையின் லார்ட்ஷிப் லேன் நிலையம். பழைய தவறான தலைப்பை உலகமே கைவிட்டுவிட்டது, நீங்கள்தான் விடவில்லை. பிறகு, கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்கு அடியில் பிணங்களோடு ரயில்பெட்டி புதைந்திருக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி. ராம்மெல் என்ற பொறியாளர் 1864-இல் அங்கே காற்றழுத்தத்தால் பெட்டி ஓட்டிக் காட்டியது உண்மை. பிணம் கட்டுக்கதை.

ஹை லெவல் நிலையத்திலிருந்து பரேட் சாலைக்கு அடியில் அரண்மனைக்குப் போன சுரங்க நடைபாதையை "இத்தாலியத் தேவாலயக் கொத்தனார்கள் கட்டியது" என்று இந்தக் கட்டுரையும் சொல்கிறது. அதற்கு ஆதாரமே கிடையாது. நிலையத்தை வடிவமைத்தவர் எட்வர்ட் மிடில்டன் பாரி. நடைபாதையில் எண்கோணத் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் சிவப்பும் வெளிர்மஞ்சளுமான செங்கற்கள் வரிவரியாக விரிந்து கூரையைத் தாங்குகின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவன் சொல்கிறேன், அந்த வேலைப்பாட்டுக்குக் கட்டுக்கதை தேவையில்லை. தீயிலும் தப்பி, போரில் குண்டுவீச்சுப் பதுங்கிடமாகவும் இருந்த இடம் அது. அதற்குத் தாங்கள் ஒதுக்கியது அரை வரி.

கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம், இணையப் பதிப்பில் சரியான படம். இடமில்லை என்றால் ராசிபலன் பக்கத்தின் அடியில் போட்டாலும் சரி; அந்தப் பக்கத்தையாவது யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்